பெயர் மாற்றப்பட்டுள்ளது

புதிதாக நம் குழுவில் சேர வந்தவர்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "மேடம், நான் சேர வந்தது மதிப்பீட்டாளர்கள் குழுவிலா, போலீஸ் ஸ்டேஷனிலா? போன் யார் பேரில் இருக்கு, பகலில் யார் கையில் இருக்கும், அதைத் திறக்க யாருக்கெல்லாம் தெரியும்... இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று கேட்டார். கேட்டவர் யாரென்று சொல்லமாட்டேன். இதைப் படிக்கும்போது அவருக்கே தெரியும்.

அவர் கோபத்தில் தப்பில்லை. காரணம் சொல்லாமல் விதியை மட்டும் நீட்டினால் எனக்கும் கோபம்தான் வரும். அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கணக்கெடுப்பது எப்படி, அறிக்கை எழுதுவது எப்படி என்பதையெல்லாம் உங்களுக்கு யாராவது பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்லப்போவது ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி. இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தேன்; அன்றைக்கு அதிர்ந்த மாதிரி என்றைக்கும் அதிர்ந்ததில்லை.

நம் வேலை என்ன என்று வெளியாள் கேட்டால் நான் சுருக்கமாக ஒன்று சொல்வேன். ஒரு திட்டம் ஊருக்குள் வந்து போன பிறகு, "எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது" என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த எல்லாரில் பெண்கள் இருந்தார்களா, அவர்கள் கைக்கு என்ன வந்தது, தலைமேல் என்ன சுமை ஏறியது, முடிவெடுத்தது யார் என்று போய்க் கேட்பதுதான் நம் வேலை. கேட்கும்போது அறையில் யார் நின்றார்கள், யார் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் பதில் சொன்னாள் என்பதும் சேர்த்தி. இதையெல்லாம் மற்றவர்களுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுப்போம். நமக்கு நாமே கேட்டுக்கொண்டோமா என்பதுதான் கதை.

நான் ஓய்வு பெற்று வில்லியனூரில் வீட்டோடு இருந்த சமயம் அது. பாகூர் பக்கமும் வில்லியனூர் பக்கமும் ஊர் ஊராக நடந்து கேள்வி கேட்கும் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு அலுவலகம் அனுப்பும், வேலை முடிந்ததும் மறந்துவிடும். பெரிய ஊர்களில் இருப்பவர்களுக்குக் கருத்தரங்கு உண்டு, மதியச் சாப்பாட்டோடு விவாதம் உண்டு. இந்தப் பெண்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்டைத்தான் கேட்க வேண்டும். அவர்களுக்காகப் போனில் ஒரு குழு தொடங்கினேன். ஒருவர் சொல்லி ஒருவராகச் சேர்ந்து, காரைக்காலில் இருந்தும் கடலூரில் இருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள். போகிற இடமெல்லாம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை காலையில் யாராவது ஒருவர் தன் கள அனுபவம் ஒன்றை எழுதுவார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். எழுதுகிறவர் அந்தப் பெண்ணின் பெயரை மாற்றிவிட்டு, அடைப்புக்குள் "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று போடுவார். அது எங்களுக்குக் கோயிலுக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றுவது மாதிரி. கழற்றிவிட்டால் சுத்தம் வந்துவிட்டது என்று நினைப்பு.

அன்றைக்கு எழுதியவள் ஃபர்சானா. வில்லியனூரில் அவள் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. கடையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் பேசிப் பழகிய பெண் என்பதால் யாரையும் வாயைத் திறக்க வைத்துவிடுவாள். அப்போது கடலோர ஊர்களில் பெண்கள் உடல்நலத் திட்டம் ஒன்றை மதிப்பிடும் குழுவில் இருந்தாள். எத்தனை பிள்ளை, எப்போது போதும் என்பதையெல்லாம் வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள் என்பது அதில் முக்கியமான கேள்வி.

அவள் எழுதியது இதுதான். மீனாட்சி, பெயர் மாற்றப்பட்டுள்ளது. ஒரு கடலோர கிராமம். முதலில் இரட்டைப் பெண் குழந்தைகள், அடுத்ததும் பெண். கணவருக்கும் மாமியாருக்கும் ஆண் குழந்தை வேண்டும். மீனாட்சி யாருக்கும் சொல்லாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காப்பர் டி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். புருஷன் மூன்று வருடமாகக் கோயில் கோயிலாகச் சுற்றுகிறான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு மீனாட்சி சொன்ன பதிலை அவள் பேச்சிலேயே ஃபர்சானா எழுதியிருந்தாள்: "அவருக்கு ஆம்பளப் புள்ள வோணும். எனக்கு என் இடுப்பு வோணும்."

குழுவே எழுந்து கைதட்டியது. கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன. இப்படித்தான் எழுத வேண்டும், வெறும் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, விவரம்தான் உயிர் என்று ஆளாளுக்குப் பாராட்டு. எனக்கும் பெருமை தாங்கவில்லை. காபியை ஆறவிட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கலைச்செல்வியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

கலைச்செல்வி பாகூர்ப் பக்கத்துப் பெண். வேலையில் கெட்டிக்காரி, குழுவில் வாயே திறக்கமாட்டாள். தினமும் காலையில் ஒரு ரோஜாப் பூவும் காலை வணக்கமும் போடுவாள், அவ்வளவுதான். கூச்ச சுபாவம் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். அவள் எண்ணிலிருந்து வந்த செய்தியை நான் அப்படியே சொல்கிறேன்: "இது மணப்பட்டு ரெட்டப்புள்ளக்காரி தான. அடிப்பாவி. அவன் எம்மா ஆசையா கீறான்."

படித்து முடித்ததுமே செய்தியை எடுத்துவிட்டார்கள். செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி மட்டும் நின்றது. நம்மில் ஒருத்தி, இந்த வேலையைச் செய்கிறவள், ஒரு பெண்ணைப் பார்த்து அடிப்பாவி என்கிறாளா? அதுவும் ஊர் பேரைப் போட்டு? கோபத்தில் அந்த எண்ணுக்கு அடித்தேன்.

"சொல்லுங்க மேடம்," என்றது ஒரு ஆண் குரல்.

"கலைச்செல்வி இல்லையா?"

"வூட்ல கீறா மேடம். போன் என்கிட்ட இருக்குது. நான் அவ வூட்டுக்காரன், முருகையன்."

"இப்போ குழுவில ஒரு மெசேஜ் வந்துதே..."

"நான்தான் மேடம் போட்டேன். அப்பறம் தப்பாயிடுமோன்னு எடுத்துட்டேன்."

"நீங்க இதையெல்லாம் எப்பவும் படிப்பீங்களா தம்பி?"

"லோடு இல்லாத நேரத்துல இன்னா மேடம் பண்றது? நல்லாதான் பேசிக்கிறீங்க. காலைல ரோஜாப் பூ போடறதே நான்தான்."

சிரிக்கிற விஷயமாக இருந்தால் அன்றைக்கே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அத்தனை மாதமாக அந்த ரோஜாப் பூவுக்கு நானும் ஒரு பூ திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். முருகையன் தவளக்குப்பம் ஜங்ஷனில் மினி லாரி வைத்திருந்தவர். கடலோர ஊர்களில் மீன் ஏற்றிப் போவது அவர் பிழைப்பு. லோடு கூப்பிடுகிறவர்களெல்லாம் போனில்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் இருந்தது ஒரே போன். கலைச்செல்வி வேலைக்குப் போகிற நாளில் மட்டும் அது அவள் கைக்கு வரும்.

"அதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல மேடம். சாயங்காலம் மணப்பட்டுக்கு லோடு ஏத்தப் போவேன், அப்ப அவன்கிட்ட சொல்லிடுவேன். அவன் என் கூட்டாளி மேடம். தெரிஞ்சிகினே அவன் மூஞ்சியப் பாத்து நான் எப்டி டீ குடிக்கிறது?"

அந்த மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். இரண்டு வார்த்தை மிரட்டியிருப்பேன். அவர் சிநேகிதத்துக்கு உண்மையாக இருக்கப் பார்த்தார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சாயங்காலம் வரைக்கும்தான் நேரம். அதற்குப் பிறகு மணப்பட்டில் ஒரு பெண், தான் நம்பிச் சொன்ன ஒரே ரகசியத்தைப் புருஷன் வாயிலிருந்து கேட்கப் போகிறாள். அவன் எந்தக் கோலத்தில் வந்து கேட்பான் என்பது எனக்குத் தெரியாது. அவனை நான் பார்த்ததுகூட இல்லை.

அந்த இடத்தில் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். நீங்களும் பயிற்சிகளில் இதைக் கற்றுக்கொள்கிறீர்கள், எதிராளியை அந்த இடத்தில் நிறுத்திப் பார்ப்பது என்று. "தம்பி, ஒரு பேச்சுக்கு வைங்க. கலைச்செல்வி உங்ககிட்ட சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. அதை வெளியாள் ஒருத்தர் வந்து உங்ககிட்ட சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றேன்.

அவர் உடனே, "அவ இன்னா மேடம் சொல்லாம வெச்சிகினு கீறா?" என்றார்.

தூக்கிவாரிப்போட்டது எனக்கு. ஒரு வீட்டில் பற்றிய நெருப்பை அணைக்கப் போய் இன்னொரு வீட்டில் வைத்துவிட்டேன். ஒன்றுமில்லை, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும், "பேச்சுக்கா, தெரிஞ்சி சொல்றீங்களா?" என்று அதிலேயே நின்றார். நெருக்கடியில் உவமை பேசாதீர்கள் பிள்ளைகளே. நேராகக் கேளுங்கள். கடைசியில் நானும் நேராகவே கேட்டேன். "அந்த அம்மாவே அவங்க வாயால சொல்றதுக்கு ஒரு வாய்ப்பு கொடுங்க தம்பி. சாயங்காலம் வரைக்கும் பொறுங்க."

"சாயங்காலம் வரைக்கும்னா பொறுக்கறேன். அதுக்கு மேல என் வாய் நிக்காது மேடம். நான் அப்டியே வளந்துட்டேன்," என்றார். அந்த நேர்மைக்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன்.

ஃபர்சானாவை என் வீட்டுக்கு வரச் சொல்லி, எழுதியதை அழிக்கச் சொன்னேன். குழுவில் யாரும் எதுவும் போட முடியாதபடி பூட்டினேன். ஏன், எதற்கு என்று தனித்தனியாக எல்லாரும் கேட்டார்கள். ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. நான் எழுதும் விளக்கத்தையும் முருகையன் படிப்பார், இன்னும் யார் யார் கையில் எந்தப் போன் இருக்கிறதோ அவர்களும் படிப்பார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் ஃபர்சானா ஓவென்று அழுதுவிட்டாள். "நான் இப்பவே அவங்க வூட்டுக்குப் போறேன் மேடம். கால்ல விழுறேன்," என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"போய்? கேள்வி கேட்க வந்த பொண்ணு திரும்பி வந்து அழுதுட்டு நின்னா, மாமியார் என்னன்னு கேட்கமாட்டாங்களா? நீ போறதே சாட்சி சொல்ற மாதிரிடி," என்றேன். தப்பு நடந்தவுடன் நமக்குச் செய்யத் தோன்றும் முதல் காரியம் பெரும்பாலும் நம் மனசு ஆறுவதற்கானது. பாதிக்கப்பட்டவளுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. இதை மட்டும் மறக்காதீர்கள்.

"அவங்க வீட்டை விட்டு வெளியே எங்க இருப்பாங்க?" என்று கேட்டேன்.

ஃபர்சானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மத்தியானம் வரைக்கும் தவளக்குப்பத்துல மீன் விப்பாங்க மேடம்."

மீன் வாங்கப் போகிறவளை யார் என்ன கேட்பார்கள்? அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கரும்பு வயல்களுக்கு நடுவே போகும் ரோட்டில் அந்தப் பெண் ஓட்டிய வேகத்தில் என் இரத்த அழுத்த மாத்திரைக்கு அன்றைக்கு வேலை கூடிப்போயிற்று. வழியில் ஒன்று மட்டும் சொன்னேன். "நீதான் அவங்களுக்கு வாக்குக் கொடுத்தவ. நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

தவளக்குப்பத்தில் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டிருந்தன. கடைகளை ஒட்டி வரிசையாக மீன்கூடைகள். இதில் அவள் யார் என்று எனக்குத் தெரியாது. ஃபர்சானா கையைக் காட்டுவதற்கு முன்பே, எங்களைத் தாண்டிப் போன ஒரு அம்மா பையை விரித்துக்கொண்டு சத்தமாகக் கேட்டார்: "ஏ ரெட்டப்புள்ளம்மா, கிழங்கான் எப்டி குடுக்கற?"

கூடைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

ஃபர்சானாவின் முகத்தில் இரத்தமே இல்லை. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். நடு ரோட்டில், பட்டப்பகலில், ஊரே அவளைக் கூப்பிடும் பெயர் அது. அந்த இரட்டைப் பிள்ளைகளை ஃபர்சானா முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். நாங்கள் எல்லாரும் கைதட்டியிருந்தோம்.

அந்த அம்மா போகும்வரை காத்திருந்துவிட்டு இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். சங்கரா மீன் சுத்தம் பண்ணித் தரச் சொன்னோம். அவள் செதிலைச் சுரண்டிக்கொண்டே, "இன்னா பாப்பா, கேள்வி இன்னும் முடியலியா?" என்று சிரித்தாள்.

"அக்கா, நீங்க என்கிட்ட சொன்னது வெளிய போயிடுச்சு. என்னாலதான் போயிடுச்சு."

சுரண்டுவதை அவள் நிறுத்தவில்லை. "யாருக்குத் தெரியும்?"

"லோடு எடுக்கற முருகையனுக்கு. சாயங்காலம் உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லப் போறாராம்."

அப்போதுதான் கத்தி நின்றது. மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பேர மாத்திடுவேன்னு சொன்ன இல்ல?"

"மாத்தினேன்க்கா. மீனாட்சின்னு போட்டேன்."

"எதுக்கு மாத்தின? என் பேரு இன்னான்னு என் தெருவுல எவனுக்குத் தெரியும்? ரேஷன் கடையில கூப்டாதான் எனக்கே ஞாபகம் வரும். ரெட்டப்புள்ளம்மான்னாதான் நான் திரும்பிப் பாப்பேன். அத அப்டியே உட்டுட்டு, ஒருத்தருக்கும் வோணாத பேரப் போயி மாத்தினியா?"

எத்தனை அறிக்கைகளில் அந்த அடைப்புக்குறியைப் போட்டிருப்போம்! கல்யாணமாகி வந்த பெண்ணை இந்த ஊர்களில் யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? இன்னார் பெண்சாதி, இன்ன பிள்ளையின் அம்மா, இன்ன மூலை வீட்டுக்காரி. இது நமக்குத் தெரியாத விஷயமா? பெண்களுக்குப் பெயரே இல்லாமல் போவதைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் நாம். அதே நாம், பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிடலாம் என்று நம்பினோம். நினைக்க நினைக்க இன்றைக்கும் எனக்குத் திகைப்பு அடங்கவில்லை.

நான் மெல்ல, "சுகாதார நிலையத்து நர்ஸம்மாவை விட்டுப் பேசச் சொல்லட்டுமா? இல்ல, உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே..." என்று ஆரம்பித்தேன்.

"நீ யாரும்மா?" என்றாள். சொன்னேன். "நீங்க பேசினதெல்லாம் போதும்மா," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கையைக் கழுவினாள். பிறகு பக்கத்துக் கூடைக்காரியிடம், "யக்கா, இதப் பாத்துக்கோ, வூட்டுக்குப் போயிட்டு வரேன்," என்றாள். எழுந்தவள் ஃபர்சானாவைப் பார்த்துச் சொன்னாள்: "அவன் வாயால போனா நான் திருடி. என் வாயால போனா நான் பொண்டாட்டி. நானே சொல்லிக்கறேன். நீ பின்னால வராத."

ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். நாங்கள் அங்கேயே நின்றோம். போவதா, இருப்பதா, யாருக்காவது போன் செய்வதா என்று ஃபர்சானா என்னையே பார்த்தாள். வராதே என்றால் வராதேதான். அவள் சொல்லாமல் அவள் விஷயத்தில் இனி ஒரு அடியும் எடுத்து வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். புருஷன் அடிப்பானோ, துரத்துவானோ என்ற பயம் மட்டும் போகவில்லை. ஊரில் நடப்பது காதுக்கு வந்தால் உடனே சொல்லும்படி அந்தப் பக்கத்து நர்ஸிடம் மட்டும் சொல்லி வைத்தேன், காரணம் சொல்லாமல். சும்மா இருந்ததுதான் அன்றைக்கு நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம்.

அவன் அடிக்கவில்லை. அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. பேசியது மாமியார். தெருவில் நின்று கூச்சல் போட்டதில், முருகையன் லோடு ஏற்றப் போனபோது ஊருக்கே தெரிந்திருந்தது. அவள் மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். காப்பர் டியை எடுத்துவிட்டு வா என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். அவள் எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் அவனே போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தான், பிள்ளைகளோடு அவளும் வந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கிற உரிமையை நாங்கள் இழந்துவிட்டோம்.

மறுநாள் கலைச்செல்வி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததே இல்லை. "என்கிட்ட இன்னா ரகசியம் இருக்குதுன்னு ராத்திரி பூரா கேட்டுகினு இருந்தார் மேடம். இன்னான்னு சொல்லுவேன்? நீங்க யாருகிட்டப் பேசறீங்கன்னு ஒரு வார்த்த என்னைக் கேட்டீங்களா? போன் என் பேர்ல இருந்தா ஆச்சா? குழுவுல ஒரு நாளாவது நான் வாயத் திறந்திருக்கேனா? ஏன்னு யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முருகையனை நேரில் வரவழைத்து, பேச்சுக்குச் சொன்னது பேச்சுக்குத்தான் என்று புரியவைக்க எனக்குப் படாத பாடாயிற்று. அதன் பிறகு குழுவில் இருந்த ஒவ்வொரு பெண்ணையும் தனியாகப் பார்த்துக் கேட்டேன், போனில் அல்ல, நேரில். ஒருத்தியின் போன் பகலெல்லாம் மகனிடம். இன்னொருத்தி கொடுத்திருந்தது மாமனாரின் எண். ஒருத்திக்குத் தான் நம் குழுவில் இருப்பதே தெரியாது. அவள் வேலை செய்த இடத்தில் மேலே இருந்தவர் அவள் எண்ணைக் கொடுத்துச் சேர்த்திருக்கிறார். பாதிக்கு மேல் பெண்கள் என்று நான் பீற்றிக்கொண்ட குழு. அடுத்தவர் வீட்டுக்குள் போய் "யார் கையில் இருக்கிறது" என்று கேட்பதே தொழிலாகக் கொண்டவர்கள், எங்கள் குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அதிர்ச்சி என்ற சொல்லெல்லாம் அதற்குப் போதாது.

உங்களை எரிச்சல்படுத்தும் கேள்விகள் அங்கிருந்துதான் வந்தன. வெள்ளிக்கிழமை பேச்சு தொடங்கும் முன் ஒவ்வொருவரும் போன் தன்னிடம்தான் இருக்கிறது என்பதற்கு "கையில்" என்று ஒரு வார்த்தை போட வேண்டும் என்பதும் அதனால்தான். போடாதவர் ஒருவர் இருந்தாலும் அன்றைக்குக் கதை கிடையாது, பொதுவான பேச்சுதான். கதை எழுதுகிறவரை முதலில் கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது. பெயரை மாற்றினாயா என்று இப்போது கேட்பதில்லை. ஊரில் அவளை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியைச் சொன்னவள் கலைச்செல்வி. இப்போது வெள்ளிக்கிழமைகளை நடத்துவதும் அவள்தான். அவள் காலையில் ரோஜாப் பூ போடுவதில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஃபர்சானா அந்த வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் மறுபடி ஒரு கேள்வி கேட்டதில்லை. வாரத்தில் ஒரு நாள் தவளக்குப்பம் போய் அவளிடம் மீன் வாங்கிக்கொண்டு வருவாள், அவ்வளவுதான். ரொம்ப நாள் வரைக்கும் அவள் ஃபர்சானாவை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள், "இன்னா பாப்பா, எளச்சிப் போயிட்ட," என்றாளாம். ஃபர்சானா அதை எனக்குச் சொல்லும்போது அழுதாள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கதையிலும் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன. பெயர் மட்டுமல்ல. நான் மணப்பட்டு என்று எழுதியது மணப்பட்டு இல்லை. அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் கிடையாது. ஊரார் அவளைக் கூப்பிடும் பெயர் ஒன்று உண்டு, அது நான் எழுதியது அல்ல. அவள் விற்பது மீன்தானா என்றும் கேட்காதீர்கள். நடந்தது மட்டும் நடந்தது.

எழுதி முடித்ததும் ஃபர்சானாவை அழைத்துக்கொண்டு போய் அவளிடமே முழுதும் வாசித்துக் காட்டினேன். வேண்டாம் என்று சொன்னால் கிழித்துப் போட்டுவிடுவதாக முதலிலேயே சொல்லியிருந்தேன். முருகையனின் ரோஜாப் பூ வந்தபோது சிரித்தாள். மாமியார் தெருவில் நின்ற இடம் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிந்ததும் யாரோ தெரிந்தவளைப் பற்றி விசாரிப்பது போல ஃபர்சானாவைக் கேட்டாள்.

"அந்தப் பொம்பள இப்ப எப்டி கீறா பாப்பா?"

"நீங்கதான்க்கா சொல்லணும்."

"கீறா, கீறா," என்றாள். "போட்டுக்கோ."